பைனஸ் கன்றுக்கு யூரியா போட்டால் வேரின் சுவாசம் கூடுமா, குறையுமா?

பண்டாரவளைப் பக்கத்திலிருந்து ஒரு ஆசிரியை கேட்டிருக்கிறார். உயர்தர உயிரியல் மாணவர்களோடு பொலித்தீன் பைகளில் பைனஸ் கன்றும் சைப்பிரஸ் கன்றும் வளர்க்கிறார்கள். பாதிக் கன்றுகளுக்கு யூரியாக் கரைசல், மீதிக்கு வெறும் தண்ணீர். சில மாதம் கழித்து வேரைக் கழுவி, பாடசாலையிலேயே செய்த சுவாசமானியில் வைத்துப் பார்த்தால், யூரியா போட்ட பைனஸ் வேர் கிராம் ஒன்றுக்குக் கூடுதலாக ஒட்சிசன் எடுக்கிறது. ஆனால் அந்தக் கன்றுகளின் வேர்த் தொகுதி சிறியது. இதற்கிடையில் அவர் வாசித்த ஒரு கட்டுரை, நைதரசன் பசளை வேரின் சுவாசத்தைக் குறைக்கிறது என்று சொல்கிறதாம். எங்கள் அளவு பிழையா, கட்டுரை பிழையா, சுவாசம் கூடுவது கன்றுக்கு நட்டமா என்று கேட்கிறார்.

டீச்சர், உங்கள் அளவும் பிழையில்லை, கட்டுரையும் பிழையில்லை. நீங்கள் வேரின் ஒரு கிராமை வைத்துப் பேசுகிறீர்கள், கட்டுரை முழுக் கன்றை, அல்லது முழுக் காட்டை வைத்துப் பேசுகிறது. லயத்தில் ஒரு வீட்டின் வருமானத்தைக் கேட்கும்போது ஆளுக்கு எவ்வளவு என்று கேட்பதும் வீட்டுக்கு எவ்வளவு என்று கேட்பதும் வேறு வேறு கேள்விதானே. ஆளுக்குச் சம்பளம் கூடியும், வேலைக்குப் போகிற ஆள் குறைந்ததால் வீட்டு வருமானம் இறங்கலாம். வேர் விஷயமும் அப்படித்தான். தாவர உடலியல் படித்துவிட்டு, பிறகு தேயிலை நாற்றுத் தவறணையிலும் காட்டு மரக் கன்றுகளிலும் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தத் துறையில் நடக்கும் வாதங்களில் பாதி, எதால் வகுத்தோம் என்பதைச் சொல்லாமல் விட்டதால் வருவது.

மாணவர்களுக்குக் காட்ட ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, அளந்தவை அல்ல. பசளை இல்லாத கன்றில் உலர் நிறை மேலே 2 கிராம், வேர் 2 கிராம். வேரின் ஒரு கிராம் 10 அலகு சுவாசிக்கிறது என்றால் கன்றின் மொத்த வேர்ச் சுவாசம் 20. அளவாக யூரியா கொடுத்த கன்றில் மேலே 6 கிராம், வேர் 2.5 கிராம், கிராமுக்கு 14 அலகு. மொத்தம் 35. கிராமுக்கும் கூடிவிட்டது, கன்றுக்கும் கூடிவிட்டது. ஆனால் மேலுள்ள இலை தண்டின் ஒரு கிராமுக்கு எவ்வளவு வேர்ச் சுவாசம் என்று பார்த்தால் முதல் கன்றில் 10, இரண்டாவதில் 6க்கும் குறைவு. இனி யூரியாவை அளவுக்கு மிஞ்சிக் கொட்டிய மூன்றாவது கன்று: வேர் 1.2 கிராம்தான் இருக்கிறது, கிராமுக்கு அதே 14. மொத்தம் ஏறத்தாழ 17, பசளையே காணாத கன்றைவிடக் குறைவு. ஒரே நைதரசன், மூன்று விதமான விடை. யூரியாக் கன்றின் வேர்த் தொகுதி சிறியது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால், உங்களுடையது இந்த மூன்றாவது வகையை ஒட்டி நிற்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

கிராமுக்கு ஏன் கூடுகிறது என்பதற்குப் போவோம். வேர் சுவாசித்துக் கிடைக்கும் சக்தியை மூன்று வேலைக்குச் செலவழிக்கிறது. புது வேர் கட்டுவது ஒன்று. இருக்கிற கலங்களைப் பழுதுபார்த்து வைத்திருப்பது இன்னொன்று: பழைய புரதத்தை உடைத்துப் புதிது செய்வது, மென்சவ்வுகளுக்கு உள்ளும் புறமும் அயன்களின் வித்தியாசத்தைக் காப்பது எல்லாம் இதில் வரும். மூன்றாவது, மண்ணிலிருந்து அயன்களை உள்ளே இழுத்து, நைதரசன் என்றால் அதை அமினோ அமிலமாக மாற்றுவது. இந்த மூன்றாவது செலவு பழைய கண்டுபிடிப்பு. உப்புக் கரைசலில் வைத்த வேரின் சுவாசம் ஏறுவதை 1930களிலேயே சுவீடன் நாட்டு லுண்டெகோர்த் காட்டிவிட்டார். நைதரசன் கொடுத்தால் மூன்று செலவுமே ஏறும். வளர்ச்சி வேகம் கூடும், இழுக்க வேண்டிய அயன் கூடும், வேரில் புரதம் கூடுவதால் பழுதுபார்க்கும் வேலையும் கூடும்.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது புரதத்தைப் பற்றியது. வேரிலுள்ள நைதரசனின் பெரும்பகுதி புரதத்தில்தான் இருக்கிறது. சுவாசத்தை நடத்தும் நொதியங்களும் இழைமணியில் உள்ள புரதங்களும் அதில் சேர்த்தி. ஆகவே மெல்லிய வேரின் நைதரசன் வீதம், அதாவது அதன் நிறையில் நைதரசனின் பங்கு, ஏறினால் அதே வெப்பநிலையில் அதன் சுவாசமும் ஏறும். வட அமெரிக்கக் காடுகளில் ஊசியிலை மரம், அகலிலை மரம் இரண்டிலும் இந்தத் தொடர்பைக் கண்டிருக்கிறார்கள். நாற்றுகளிலும் அப்படியே. உங்கள் மாணவர்கள் அளந்ததும் அதோடு ஒத்துப்போகிறது. பள்ளிக்கூடச் சுவாசமானியில் இது தெரிந்தது என்றால் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள்.

ஆனால் உங்கள் கருவி ஒரு விஷயத்தை மறைக்கும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பாடத்துக்கே உதவும். நைதரசன் வேருக்குள் அமோனியமாகவும் வரலாம், நைத்திரேற்றாகவும் வரலாம். நைத்திரேற்றாக வந்தால் அதை முதலில் அமோனியமாகத் தாழ்த்த வேண்டும், அதற்கு ஒரு நைத்திரேற்று அயனுக்கு எட்டு இலத்திரன் தேவை. ஊசியிலை மரங்களில் இந்தத் தாழ்த்தல் பெரும்பாலும் வேரிலேயே நடக்கிறது. அங்கே ஒளி இல்லை, ஆகவே இலத்திரன் முழுவதும் வெல்லத்தை உடைத்துத்தான் வரவேண்டும். வெல்லம் உடையும், காபனீரொட்சைட்டு வெளியேறும், ஆனால் இலத்திரன் ஒட்சிசனுக்குப் போகாமல் நைத்திரேற்றுக்குப் போய்விடும். அப்படியென்றால் பொற்றாசியம் ஐதரொட்சைட்டால் காபனீரொட்சைட்டை உறிஞ்சவிட்டு, மயிர்த்துளைக் குழாயில் திரவம் நகர்வதைப் பார்க்கும் சுவாசமானி இந்தச் செலவைக் காட்டவே காட்டாது. அது ஒட்சிசனை மட்டும்தான் எண்ணுகிறது. நைத்திரேற்று உண்ணும் வேரில் சுவாச ஈவு, அதாவது வெளிவிடும் காபனீரொட்சைட்டை உள்ளெடுக்கும் ஒட்சிசனால் வகுத்தது, ஒன்றைத் தாண்டிப் போவது இதனால்தான். யூரியா மண்ணில் முதலில் அமோனியமாகவே மாறுவதால், உங்கள் கன்றுகளில் இது பெரிய பிழையைத் தந்திருக்காது. அடுத்த தவணையில் பொற்றாசியம் நைத்திரேற்றையும் அமோனியம் சல்பேற்றையும் ஒப்பிடலாம் என்று நினைத்தால் மட்டும் இதை மனதில் வையுங்கள். ஐதரொட்சைட்டு உள்ளபோது ஒரு அளவு, இல்லாதபோது ஒரு அளவு எடுத்தால் ஈவையே கணக்கிடலாம்.

பொதுவாக ஊசியிலை மரங்கள் அமோனியத்தைத்தான் விரும்பும். கனடாவில் செய்து 1997இல் வெளியான ஆய்வில் வெள்ளை ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் நாற்றுகள் நைத்திரேற்றைவிட அமோனியத்தைப் பல மடங்கு வேகமாக உள்ளெடுத்தன. அமோனியத்தைத் தாழ்த்த வேண்டியதில்லை, அந்தளவில் செலவு மிச்சம். ஆனால் அது கலத்துக்குள் சேர்ந்துவிடக் கூடாது, வந்த இடத்திலேயே, வேரிலேயே, அமினோ அமிலமாக்க வேண்டும். அதற்கான காபன் எலும்புக்கூட்டை, அதாவது வெல்லத்தை உடைத்துக் கிடைக்கும் காபன் சங்கிலியை, வேர்தான் கொடுக்க வேண்டும். வெளியே அமோனியம் அளவுக்கு மிஞ்சி இருந்தால் வேர் அதை ஒரு பக்கம் உள்ளே விட்டு மறுபக்கம் சக்தி செலவழித்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். பார்லியில் இதை நன்றாகக் காட்டியிருக்கிறார்கள். சுவாசம் ஏறும், வளர்ச்சி ஏறாது. கிராமுக்குச் சுவாசம் கூடியிருக்கிறது, ஆகவே வேர் சுறுசுறுப்பாக இருக்கிறது என்று மாணவர்கள் எழுதினால் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். சுகமான வேரும் கூடச் சுவாசிக்கும், தொல்லைப்படும் வேரும் கூடச் சுவாசிக்கும்.

யூரியாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன், எஸ்.ஏ. என்று தோட்டங்களில் சொல்கிற அமோனியம் சல்பேற்றில் 21. எஸ்.ஏ. அளவுக்குப் பழகிய கை யூரியாவையும் அதே அளவில் கரைத்தால் நைதரசன் இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடும். யூரியா மண்ணில் சில நாட்களில் அமோனியமாக மாறும்போது அந்த இடத்தில் காரத்தன்மை தற்காலிகமாக ஏறி, அமோனியா வாயுவும் உண்டாகும். மலையில் திறந்த மண்ணில் இது பரவிப் போகும், சின்னப் பையில் போக இடமில்லை. மேலே கருமையாகிச் சுருங்கிய வேர் நுனி தெரிந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். 2021இல் இலங்கையில் இரசாயனப் பசளைக்குத் தடை வந்து நீங்கிய பிறகு பசளையைக் கிராம் கிராமாக அளந்து போடும் பழக்கம் பல பேருக்கு வந்தது. அதில் ஒரு நன்மை என்றால் இதுதான்.

சரி, கட்டுரை சொல்லும் "குறையும்" எங்கிருந்து வருகிறது? மரம் பகலில் செய்த வெல்லத்தை எங்கே அனுப்புவது என்று பங்கிடுகிறது. நைதரசன் தட்டுப்பாடாக இருந்தால் வேருக்குக் கூடுதலாக அனுப்பி மண்ணைத் துழாவ விடும். தாராளமாகக் கிடைத்தால் அந்தப் பங்கை இலைக்கும் தண்டுக்கும் திருப்பிவிடும். வேருக்குப் போகும் வெல்லம் குறைந்தால் மண்ணுக்குள் நடக்கும் மொத்தச் சுவாசமும் குறையும். வேர்ச் சுவாசம் அன்றன்றைய வெல்லத்தை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பதற்கு வடக்குச் சுவீடனில் நடந்த ஒரு பரிசோதனை நல்ல சான்று. 2000ஆம் ஆண்டில் பீட்டர் ஹோக்பெர்க் குழுவினர் ஸ்கொட்ஸ் பைன் காட்டில் மரங்களின் பட்டையைச் சுற்றிலும் உரித்து, இலையிலிருந்து வெல்லம் கீழிறங்கும் வழியை அடைத்தார்கள். ஒன்றிரண்டு மாதத்துக்குள் மண்ணிலிருந்து வரும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 54 வீதம் குறைந்தது. வேரும் அதோடு ஒட்டி வாழும் பங்கசும் இலையிலிருந்து வருவதை உடனுக்குடன் செலவழித்தே வாழ்கின்றன என்பது அதில் தெளிவானது. நைதரசன் பசளை போட்ட பைன் காடுகளில் கீழே போகும் காபன் குறைவதையும் பிறகு அதே நாட்டில் காட்டியிருக்கிறார்கள்.

இங்கே பங்கசைப் பற்றிப் பேசாமல் பைனஸைப் பற்றிப் பேச முடியாது. யூரியா போடாத பைனஸ் கன்று ஒன்றை எடுத்து, பையைக் கிழித்து, வெள்ளைப் பேசினில் தண்ணீர் விட்டு மண்ணை மெதுவாகக் கரைத்துப் பாருங்கள். பக்கவேர்களில் ஒரு நெல்மணி நீளம்கூட இல்லாத குட்டை வேர்கள் இரண்டிரண்டாகக் கவை பிரிந்து, நுனி தடித்து, சில வெள்ளையாகவும் சில மண்ணிறமாகவும் நிற்கும். சிலதில் பஞ்சு போல இழை ஒட்டிக்கொண்டிருக்கும், மண்ணைக் கழுவினாலும் லேசில் விடாது. அந்தத் தடிப்பு வேரினுடையது மட்டுமல்ல, வெளியே போர்வையாகச் சுற்றிய பங்கசும் சேர்ந்தது. பிறகு யூரியாக் கன்றை அதே பேசினில் கழுவுங்கள். கவை வேர் குறைவாகவும், நீட்டாக வழுக்கிய வேர் கூடுதலாகவும் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். நைதரசன் மிகுந்தால் இந்தக் கூட்டு தளர்வது பல ஊசியிலை மரங்களில் கண்டது. நீங்கள் சுவாசமானியில் வைத்தது வேரை மட்டுமல்ல, அந்தப் பங்கசையும் சேர்த்துத்தான். ஆகவே இரண்டு கன்றின் வேரையும் ஒப்பிடும்போது உண்மையில் இரண்டு வேறு கூட்டுக் குடித்தனங்களை ஒப்பிடுகிறீர்கள்.

நம் நாட்டுக்குப் பைனஸ் வெளியிலிருந்து வந்த மரம். நடுத்தர உயரங்களில் காணும் பைனஸ் கரிபியா மத்திய அமெரிக்க, கரிபியன் பக்கத்தது. இன்னும் உயரத்தில் பட்டுலா என்ற மெக்சிக்கோ இனத்தையும் நட்டிருக்கிறார்கள். மாணாப் புல் மலைகளில் இவற்றுக்கு ஏற்ற பங்கசு இயல்பாக இல்லாததால், பழைய பைனஸ் காட்டு மண்ணைக் கொஞ்சம் கொண்டுவந்து தவறணை மண்ணில் கலப்பது வழக்கம். உங்கள் பைகளில் அந்த மண் கலந்ததா என்று எழுதவில்லை. கலக்கவில்லை என்றால் யூரியா போட்டதும் போடாததும் இரண்டுமே அரைகுறைக் கன்றுகள்தான், அந்த முடிவை வைத்து அதிகம் பேசக் கூடாது. சைப்பிரஸ் வேறு கதை. அதன் வேரில் குடியிருக்கும் பங்கசு வேறு வகை, வேர்க் கலங்களுக்குள் போய் இருக்கும், வெறும் கண்ணுக்குத் தெரியாது, நம் மண்ணில் அநேகமாக எங்கும் இருக்கும். அதனால் பைனஸ், சைப்பிரஸ் இரண்டின் அளவையும் ஒரே சராசரியில் போட்டுவிடாதீர்கள்.

நட்டமா என்ற கேள்விக்கு வருகிறேன். சுவாசத்தை வீண் செலவு என்று நினைப்பது பலருக்கும் உள்ள பழக்கம், பாடப்புத்தகச் சமன்பாடு அப்படித் தோன்ற வைக்கிறது. வேரின் சுவாசத்தில் ஒரு பெரிய பங்கு நைதரசனையும் பொஸ்பரசையும் வாங்கிய விலை. தாவர வகைகளையும் வளர்நிலைகளையும் பொறுத்து, ஒரு நாளில் தொகுத்த வெல்லத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை வேர்ச் சுவாசத்துக்குப் போகலாம். கவனிக்க வேண்டியது, பாதி வரை போவது செழிப்பான செடியில் அல்ல, நைதரசன் பட்டினியில் மெதுவாக வளரும் செடியில். அதன் வேர் கிராமுக்குக் குறைவாகத்தான் சுவாசிக்கும். ஆனால் இலை சிறியது, வேர் பெரியது, கிடைப்பதில் பாதி கீழேயே கரைந்துவிடும். ஆகவே அளவோடு நைதரசன் பெற்ற கன்றில் கிராமுக்குச் சுவாசம் கூடினாலும் கன்றுக்கு அது நட்டமில்லை. அமோனியம் மிஞ்சிப்போய் வீணாகச் சுழலும்போதுதான் நட்டம்.

இதுவரை சொன்னதில் நைதரசன் வீதத்துக்கும் கிராம் சுவாசத்துக்கும் உள்ள தொடர்பும், நைதரசன் கூடினால் வேரின் பங்கு குறைவதும் உறுதியானவை. சந்தேகமானவையும் உண்டு. மூன்று செலவில் ஒவ்வொன்றும் எவ்வளவு என்று பிரிப்பது இன்னும் வாதத்தில் உள்ளது. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமான பங்கைத் தருகிறது. வெட்டிய வேரில் அளந்தது முழுக்கன்றின் வேரில் அளந்ததற்குச் சமமா என்பதும் கேள்விதான், வெட்டியதும் வெல்லம் வருவது நின்றுவிடுகிறது. அப்புறம் இந்த அறிவில் பெரும்பகுதி குளிர்நாட்டு ஸ்புரூஸ், ஸ்கொட்ஸ் பைன் போன்றவற்றில் வந்தது. ஆண்டு முழுக்க வளரும் கரிபியாவுக்குத் திசை அதே என்று எடுத்துக்கொள்ளலாம், எண்களை அப்படியே தூக்கி வைக்கக் கூடாது. உங்கள் கன்றுகளை நான் நேரில் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுபடி அளக்கப் போகிறீர்கள் என்றால் வெப்பநிலையை முதலில் கட்டிப்போடுங்கள். பத்துப் பாகை ஏறினால் வேர்ச் சுவாசம் ஏறக்குறைய இரட்டிக்கும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி 16 பாகை அளவில், கண்டி அதைவிட எட்டு ஒன்பது பாகை கூட. வேர் மெல்லப் பழகிக்கொள்ளும் என்பதால் வித்தியாசம் முழுதாகத் தெரியாது. ஆனால் காலையில் பனியோடு எடுத்த வேரையும் மத்தியானம் கறுப்புப் பையில் வெயில் பட்டுச் சுட்ட வேரையும் ஒப்பிட்டால் யூரியாவின் தாக்கம் அதற்குள் காணாமல் போய்விடும். சுவாசமானியை ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி வைத்து, இரண்டு வகைக் கன்றையும் மாறி மாறி, ஒரே நேரத்தில் அளக்கவும். வேரில் மெல்லியதை மட்டும் எடுங்கள். தடித்த மண்ணிற வேர் கிராமுக்கு மிகக் குறைவாகச் சுவாசிக்கும், அது எந்தக் கன்றில் கூட வந்ததோ அந்த எண் இறங்கிவிடும். நிழல்வலைக்குக் கீழே ஒரு வரிசை, வெளியே ஒரு வரிசை என்று இருந்தால் அதையும் கலைத்து மாற்றி வையுங்கள், வெல்லம் குறைந்த கன்றின் வேர் சோம்பும் என்று மேலே பார்த்தோம்.

தண்ணீர் தேங்கிய பையை ஒப்பீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஒட்சிசன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். அட்டன், தலவாக்கலைப் பக்கம் தென்மேற்குப் பருவமழையிலும், உங்கள் ஊவாப் பக்கம் ஐப்பசி தொட்டுத் தை வரையிலும் பையின் அடித்துளை அடைபட்டால் வேர் மூச்சுத் திணறும். அப்போது நைதரசன் எவ்வளவு என்பது கேள்வியே இல்லை. பையைத் திறந்ததும் சேற்று நாற்றம் அடித்தால் அதுதான்.

இப்போதிருக்கும் யூரியாக் கன்றுகளை மழையோடு மலையில் நடலாமா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். அப்படியே நட வேண்டாம். மேலே பெரிதும் கீழே சிறிதுமான கன்று ஊவாவின் காற்றையும் வறட்சியையும் தாங்காது. யூரியாவை நிறுத்தி, நிழலை மெல்லக் குறைத்து, தண்ணீரைக் கொஞ்சம் இடைவெளி விட்டுக் கொடுத்து, இரண்டு மூன்று மாதம் வைத்திருங்கள். பைனஸ் பைகளுக்குப் பழைய பைனஸ் காட்டிலிருந்து ஒரு பிடி மேல்மண் போடலாம். அடுத்த தொகுதிக்கு, ஆரம்பத்திலேயே ஒரே அளவைத் திரும்பத் திரும்பக் கொட்டாமல், கன்று வளர வளர அளவைக் கூட்டிக்கொண்டு போங்கள். 1970களிலும் 80களிலும் சுவீடனின் தொர்ஸ்தன் இங்கஸ்டாட் நாற்றுகளுக்கு இப்படி வளர்ச்சி வேகத்தோடு ஒட்டிய அளவில் ஊட்டி, நாற்றின் நைதரசன் வீதத்தை ஒரே நிலையில் வைத்திருக்க முடியும் என்று காட்டினார். உங்கள் மாணவர்கள் ஒரு வரிசைக்கு அப்படி, ஒரு வரிசைக்குப் பழையபடி கொடுத்து, சுவாசத்தைக் கிராமுக்கும் கன்றுக்கும் இரண்டு நிரலாக எழுதட்டும். வேரை எடுத்ததும் நிறுத்து வைக்க மறக்க வேண்டாம், அந்த நிறை இல்லாமல் இரண்டாவது நிரலை நிரப்ப முடியாது.